எல்லாப் பக்கத்திலும் நைனா பேரு

பிரிண்டரிலிருந்து வந்து விழும் பேப்பரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா... அப்போதுதான் சுட்ட தோசை மாதிரி சூடாக இருக்கும்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த சலீம் பாயின் பிரவுசிங் சென்டரில் நான் முதலில் செய்கிற வேலை அதுதான். "படிச்ச பொண்ணு பண்ற வேலையாம்மா இது" என்று பாய் சிரிப்பார்.

அப்போது இங்கிலீஷில் எம்.ஃபில். முடித்திருந்தேன். ஒரு ஜர்னலுக்கு அனுப்ப முதல் ஆய்வுக் கட்டுரை. எழுதியதுகூடப் பெரிதில்லை, ஃபார்மேட்தான் உயிரை வாங்கியது. மார்ஜின் இவ்வளவு, வரிக்கு வரி இடைவெளி இவ்வளவு... எல்லாவற்றுக்கும் மேலே, ஒவ்வொரு பக்கத்தின் வலது மேல் ஓரத்திலும் ஹெட்டர். அதில் எழுதியவரின் லாஸ்ட் நேம், பக்கத்திலேயே பேஜ் நம்பர்.

லாஸ்ட் நேமுக்கு நான் எங்கே போவேன்? நமக்கு இருப்பது இனிஷியல்தான். நான் பள்ளிக்கூடம் சேர்ந்த நாளிலிருந்து நைனா என் பெயருக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்தாக, ஒரு புள்ளியோடு நின்றுகொண்டிருந்தார். கைடிடம் கேட்டேன். "அப்பா பேரைப் போட்டுடும்மா, எல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்றார். சலீம் பாய்தான் போட்டுக் கொடுத்தார். ஏகாம்பரம் ஒன்று, ஏகாம்பரம் இரண்டு என்று இங்கிலீஷில் வரிசையாக வந்து விழுந்தது.

நைனா ஏரித்தண்ணியில் நெல் வைக்கிறவர். இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அன்றைக்குச் சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டு வந்து பேப்பரைப் புரட்டினார். புரட்டினார்... திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார்.

"இன்னாமா இது, எல்லாப் பக்கத்துலயும் என் பேரு கீது? எய்தினது நீதானே?"

"அது ஃபார்மேட் நைனா."

"உன் பேரு போட்டா ஒத்துக்க மாட்டானுங்களா?"

"அவங்க ஊர்ல குடும்பப் பேரைத்தான் போடணும். நமக்கு அது இல்ல. அதான் உன் பேரு."

"அப்போ நான் படிக்காமலே பாஸாயிட்டேன்" என்றார்.

மறுநாள் அந்தப் பேப்பரைக் காணோம். மஞ்சப் பையில் வைத்து டீக்கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். நான் பால் வாங்கப் போனபோது கடைக்காரர் அவரை ஓட்டிக்கொண்டிருந்தார். "இன்னா ஏகாம்பரம், இங்கிலீஷ்லலாம் எய்த ஆரம்பிச்சிட்டியாமே?" நைனா அசரவில்லை. "ஆமாம்பா, எய்திக்கினுதான் கீறேன். உனுக்கு இன்னா பேஜாரு?"

கட்டுரையை அனுப்பியதிலிருந்து ஒரே நச்சு. "புக்கு வந்துச்சாம்மா?" சோறு போட்டால் கேட்பார். மோட்டார் போடப் போகும்போது கேட்பார். அச்சடித்த புத்தகத்தில் தன் பெயரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு ஆசை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அது என்ன இட்லியா நைனா, ஊத்தி வச்சதும் வேகறதுக்கு?" என்பேன்.

அறுப்பு முடிந்து, நெல்லை வாலாஜாபாத் மில்லில் போட்டுவிட்டு வந்தவர், நெஞ்சு எரியுது என்று படுத்தார். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ பாதி வழி தாண்டவில்லை.

கருமாதி முடிந்த வாரம்தான் ஜர்னலிலிருந்து மெயில் வந்தது. கட்டுரையை எழுதியது யார் என்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியக்கூடாதாம். பெயர் எங்கெங்கே இருக்கிறதோ எடுத்துவிட்டு உடனே அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஹெட்டரில் இருப்பதையும்.

பழைய சென்டருக்கே போய் உட்கார்ந்தேன். சலீம் பாய் நைனா சாவுக்கு வந்திருந்தவர். திரையை எட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. "நான் எடுத்துக் குடுக்கட்டாமா?" என்றார். "வேணாம் பாய், நானே எடுக்கறேன்" என்றேன்.

ஒவ்வொரு பக்கமாகப் போய்த்தான் அழிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். பரவாயில்லை, மெதுவாகவே அழிக்கலாம் என்றுகூட நினைத்தேன். பெயர்மேல் டபுள் கிளிக் செய்ததும் நான் எழுதியதெல்லாம் மங்கிப்போய், மேலே நைனா பெயர் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அதை செலக்ட் பண்ணி அழித்தேன். அடுத்த பக்கத்துக்கு வந்தால் அங்கே ஒன்றும் இல்லை. அதற்கடுத்த பக்கத்திலும் இல்லை. ஒரு பக்கத்தில் அழித்தால் போதுமாம், எல்லாப் பக்கத்திலும் போய்விடுமாம். பேஜ் நம்பர் மட்டும் தனியாக நின்றது.

கன்ட்ரோல் இசட் அடித்தேன். வந்துவிட்டார். எல்லாப் பக்கத்திலும் வந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மறுபடியும் அழித்தேன்.

அழுதேன், வாய்விட்டுத்தான் அழுதேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவரை பாய் வாசலிலேயே மறித்து, "கரண்ட் இல்லப்பா, அப்பறமா வா" என்று அனுப்பினார். அவர் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

புத்தகம் வந்தது. இடது பக்கங்களின் மேலே ஜர்னல் பெயர், வலது பக்கங்களின் மேலே கட்டுரைத் தலைப்பு. அது அவர்கள் ஃபார்மேட். முதல் பக்கத்தில் மட்டும் என் பெயர் இருந்தது. அதற்கு முன்னால் நைனா, பழையபடி ஒரே ஓர் எழுத்தாக, ஒரு புள்ளியோடு. புத்தகத்தை அவருடைய போட்டோவுக்குக் கீழே வைத்தேன். வேறு என்ன செய்ய...

இப்போது நானும் ஒரு காலேஜில் பாடம் எடுக்கிறேன். பசங்களுக்கு எல்லாம் ஈசி. ஒரு பட்டனைத் தட்டினால் மார்ஜின், ஹெட்டர் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. போன வாரம் ஒரு பெண் கேட்டாள், "அப்பா பேரு சும்மா ஃபார்மேட்டுக்குத்தானே மேம்?" ஃபார்மேட்டுக்குத்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

பேங்கில் கேட்கிறார்கள், ஆதார் சென்டரில் கேட்கிறார்கள், மாமியார் வூட்டு உறவில் ஒருவர் விடாமல் கேட்டாயிற்று. "கல்யாணம் ஆயி இத்தினி வருசம் ஆவுது, இன்னும் அப்பா இனிஷியல்தானா? வூட்டுக்காரர் பேருக்கு மாத்திக்கலியா?"

மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு தடவை என் கையாலேயே அழித்தது போதும்.