ஐஸ் பெட்டியோடு எபிஜெனடிக்ஸ் விற்றவன்

எங்கள் தொழிலில் சரக்கு ஒரு சொட்டு, அது கெடாமல் இருக்கப் போடும் ஐஸ் ஒரு மூட்டை. ஆராய்ச்சிக்கூடங்களுக்குக் கெமிக்கல், என்சைம், கிட் விற்கிற ரெப்புகளைச் சொல்கிறேன். டாக்டர் வாசலில் மருந்துப் பையோடு காத்திருந்தவர்களே, பாலிசி ஃபாரத்தோடு வீடு வீடாகப் படி ஏறியவர்களே, என் கால்வலி உங்களுக்குப் புரியும். ஆனால் விற்கப்போன சாமானை ஒரே ஒரு தடவை நாமே பிரித்து உபயோகித்துப் பார்க்க மாட்டோமா என்று உங்களில் யாராவது ஏங்கியிருக்கிறீர்களா? நான் ஏங்கினேன், வருஷக்கணக்காக.

வேலூரில் எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடித்துவிட்டு பிஎச்.டி. சேர்வதாக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், பாலாற்றுத் தண்ணீர் கெட்டுப்போகிறது என்று எங்கள் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரிகளை மூடினார்கள். ஆம்பூரில் சுண்ணாம்புக் குழியில் தோல் போட்டு எடுத்துக்கொண்டிருந்த அப்பா வீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷம் மட்டும் என்று சொல்லிக்கொண்டு சென்னைக் கம்பெனி ஒன்றில் ரெப்பாகச் சேர்ந்தேன். டேனரி திறந்தது. அப்பா வேலைக்குத் திரும்பினார். நான் படிப்புக்குத் திரும்பவில்லை. தங்கை கல்யாணம் வந்தது, பிறகு என் கல்யாணம் வந்தது, பிறகு பையன் பிறந்தான். உங்கள் கதையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

புள்ளி வைத்த எழுத்து

2004 வாக்கில் கம்பெனி புது கேட்லாக் அனுப்பியது. அட்டையில் எபிஜெனடிக்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது. வெளிநாட்டில் இந்தச் சந்தைதான் வேகமாக வளர்கிறது, எல்லா லேபிலும் இதைப் பற்றிப் பேசு என்று மேனேஜர் போனில் சொன்னார். அரக்கோணத்தில் ரயில் ஏறி, காட்பாடி வருவதற்குள் அதைப் படித்து முடித்தேன். படிக்கும்போதே எனக்கு ஒன்று தோன்றியது. க என்ற எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் க் ஆகிறது. எழுத்து அதேதான், சத்தம் அடங்கிவிடுகிறது. மரபணுவிலும் அப்படித்தான் நடக்கிறது. எழுத்து மாறாமல், மேலே ஒரு சின்னக் குறி உட்கார்ந்து அதைப் பேசவிடாமல் செய்துவிடுகிறது. நாம் சாப்பிடுவது, மூச்சில் இழுப்பது, நிற்கிற இடம் இவையெல்லாம் அந்தக் குறிகளை வைக்கலாம், எடுக்கலாம். அன்றைக்கு ரயிலில் எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

சொல்லக் கிடைத்தவர் ஒரு கல்லூரியின் ஸ்டோர்ஸ் சூப்பிரண்டெண்ட். புள்ளிக் கதையை அரை மணி நேரம் அவருக்கு விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார். கடைசியில் கேட்லாக்கை என் பக்கம் தள்ளினார்.

"எழுத்து மாறலன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப பழைய கிட்டுலயே படிச்சுக்கச் சொல்லுங்க சார்."

வகுப்புத் தோழி

ஹெப்சிபா என்னோடு எம்.எஸ்சி. படித்தவள். நான் ரெப்பாகப் போன அதே ஜூலையில் அவள் பிஎச்.டி. சேர்ந்தாள். இப்போது வேலூரிலேயே அவளுக்கென்று ஒரு சின்ன லேப் இருந்தது. மற்றவர்கள் இருந்தால் என்னை "வாங்க" என்பாள், இல்லாவிட்டால் "வா". லேபுக்குள் ஷூ போட்டுக்கொண்டு வரக்கூடாது என்பதால் நான் எப்போதும் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவேன். ஷூவைக் கழற்ற ஒரு நிமிஷம்தான் ஆகும். ஆனால் உள்ளே போய்விட்டால் வெளியே வர மனசு வராது என்று எனக்குத் தெரியும்.

புள்ளிக் கதையை அவளிடமும் சொன்னேன். கையிலிருந்த பேனாவை மூடிவிட்டு யோசித்தாள். டேனரியில் வருஷக்கணக்காக, தோல் பதனிடப் போடும் குரோமியத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்களின் ரத்தத்தில் இந்தக் குறிகள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க அவளுக்கு ரொம்ப நாளாக ஆசையாம். அனுமதியெல்லாம் வாங்கிவிட்டாள். ஆனால் வேலூரிலிருந்து ஒரு டாக்டரம்மா போய்க் கேட்டால் ஆம்பூரில் யாரும் கையை நீட்டுவதில்லை. ஊசி போட்டு நோய் இருக்கிறது என்று எழுதி வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். நான் ஆர்டர் ஃபாரத்தை எடுத்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"கிட்டு யாரு வேணா குடுப்பாங்க தயாளா. எனக்கு உங்க ஊர் ஆளுங்க வேணும்."

ஞாயிற்றுக்கிழமை ரத்தம்

ஆம்பூரில் டேனரித் தொழிலாளர் சங்கத்து ஆபீஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்பாடு செய்தேன். அப்பாவோடு வேலை செய்யும் மேஸ்திரி பாஷா பாயிடம் முதலில் பேசினேன். பேரெல்லாம் எழுத மாட்டார்கள், நம்பர்தான், முதலாளி கைக்கு எதுவும் போகாது என்று ஹெப்சிபா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை அவர் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தானே முதல் ஆளாக உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். அப்புறம் வரிசை வந்தது. வரிசையில் அப்பாவும் நின்றார், என்னைத் தெரியாதவர் மாதிரி.

ஹெப்சிபா எல்லாருக்கும் என் புள்ளிக் கதையைத்தான் சொன்னாள். சொல்லும்போது ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் தனலட்சுமி என்று ஒரு அம்மா இருந்தார், தோல் ஓரம் வெட்டுகிற வேலை. ரத்தம் கொடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எழுந்து போகாமல் நின்றார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். அவர் கேட்ட கேள்விக்கு ஹெப்சிபா உண்மையைச் சொன்னாள், தெரியாது என்று. அவளுடைய முகம் அன்றைக்கு முழுக்கச் சரியாக இல்லை.

"என் மேல கீற புள்ளி என் பொண்ணு மேலயும் ஏறியிருக்குமா மேடம்?"

உருகிய பெட்டி

ஹெப்சிபா என்னிடமே ஆர்டர் கொடுத்த கிட் வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வந்து இறங்கியது. எங்கள் ஆபீஸில் கஸ்டம்ஸுக்கு ஒரு ஃபாரம் வைக்க மறந்துவிட்டார்கள். நடுவில் விடுமுறை வேறு. ஏர்போர்ட் கார்கோவில் பெட்டி நாலு நாள் வெயிலில் கிடந்தது. நான் போய்த் திறந்தபோது உள்ளே ஒரு பொட்டு ஐஸ் இல்லை. என்சைம் ட்யூபைத் தொட்டேன், ஆறின டீ கிளாஸ் மாதிரி இருந்தது. மேனேஜருக்குப் போன் செய்தேன். புது ஐஸ் போட்டுக் கொண்டுபோய்க் கொடு என்றார். ரிசல்ட் சரியாக வராவிட்டால் அவர்கள் கைப்பிழை என்றுதான் நினைத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார்.

புது ஐஸ் போட்டேன். அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. சென்னையிலிருந்து வேலூர் வரும் வரை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கொடுத்துவிடலாம் என்றுதான் வந்தேன். ஹெப்சிபா வாசலுக்கே ஓடி வந்து வாங்கினாள். ரசீதில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள். அந்த ரத்தம் கொஞ்சம்தான் இருந்தது. கெட்ட என்சைமில் போட்டால் அது போனதுதான், மறுபடி அந்த ஜனங்களிடம் போய்க் கையை நீட்டச் சொல்ல முடியாது. பேனாவைப் பிடித்துக்கொண்டு, போடாதே, சரக்கு கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். அவள் பேனாவை என் கையிலிருந்து எடுத்து மூடினாள்.

"இத கஸ்டமருக்குச் சொல்றியா, ஃப்ரெண்டுக்குச் சொல்றியா?"

கையுறை

சரக்கு கெட்டது என்று நான் எழுத்தில் கொடுத்ததால் கம்பெனி வேறு வழியில்லாமல் புது கிட் வரவழைத்தது. மூன்று மாதம் ஆனது. ஏரியா மேனேஜர் பதவி எனக்கு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குப் போனது. இந்தத் தடவை ஐஸ் கல் மாதிரி இருந்தது. நான் கொண்டுபோன அன்று ஹெப்சிபாவின் டெக்னீஷியன் பெண் பிரசவ லீவில் இருந்தாள். இவள் தனியாக ட்யூப்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டிராயரிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

ஷூவைக் கழற்றினேன். சொட்டு அளந்து விடும் பிப்பெட்டைப் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கணக்குப் போடப் பயமாக இருந்தது. முதல் ட்யூபுக்கு ரொம்ப நேரம் எடுத்தேன். மூன்றாவதில் பழைய வேகம் வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு, மூடி, தட்டி, அடுத்தது. எல்லாம் நம்பர்தான். இதில் ஏதோ ஒன்று அப்பா, எது என்று தெரியாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கவனமாகப் பிடித்தேன். ஜன்னல் வழியாக சாயந்தர வெயில் மேஜைக்கு வந்தது. ஆற்காட்டில் எனக்கு ஒரு கஸ்டமர் காத்திருந்தார். முடியப்போகிறதே என்று இருந்தது எனக்கு. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னும் நாலு ட்யூப்தான் இருக்கு. மெதுவாவே போடு, எனக்கு அவசரம் இல்ல."

கோடு மேலே போகிறது

அந்த வருஷக் கடைசியில் பெங்களூரில் மீட்டிங். பெரிய ஓட்டல், ஏசி, சுவரில் படம். எபிஜெனடிக்ஸ் சந்தை என்று ஒரு கோடு இடது மூலையில் கிளம்பி வலது மூலையில் கூரையைத் தொட்டது. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், அப்புறம் நாம் என்றார் வந்திருந்த வெள்ளைக்காரர். எல்லாரும் கைதட்டினோம். அந்தக் கோட்டில் ஆம்பூர் சங்கத்து ஆபீஸ் எந்த இடத்தில் இருக்கும் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கோயம்புத்தூர் ஏரியா ரெப் முருகையன், இருபது வருஷ சர்வீஸ்காரர், தட்டில் இருந்த பிஸ்கட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே என் காதருகே சொன்னார்.

"கோடு ஏறிட்டே இருக்குது தம்பி, நாமதான் இன்னும் அதே பஸ்ஸுல வந்து எறங்குறோம்."

நன்றி

கட்டுரை வெளிவர இரண்டு வருஷம் ஆனது. சில குறிகளில் வித்தியாசம் இருந்தது. அதனால் என்ன ஆகும் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது, இன்னும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். சங்கத்து ஆபீஸுக்கு அவளே வந்து அதைத் தமிழில் சொன்னாள். தனலட்சுமி அம்மாவைத் தனியாக உட்காரவைத்து, உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை, ஆனால் அதை எழுதி வைத்திருக்கிறேன் என்றாள். கட்டுரையில் என் பேரையும் போடட்டுமா என்று முன்பே கேட்டிருந்தாள். சாமான் விற்றவன் பேர் இருந்தால் ரிசல்ட்டைச் சந்தேகப்படுவார்கள், வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அது சரியான காரணம்தான். சொல்லிவிட்டு வெளியே வந்து பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆம்பூர்த் தொழிலாளர்களுக்கு நன்றி என்று இருந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன். அந்த வரியை அவர் தன் விரலால் ஒரு தடவை தடவினார். சுண்ணாம்பு தின்ற விரல், தாள் அதில் சிக்கிச் சிக்கி நகர்ந்தது. பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பி, மேலே வரிசையாக இருந்த பேர்களை என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். முடித்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அதையும் படித்தேன்.

"எங்களுக்கெல்லாம் நன்றி போட்டு கீறாங்க, சரி. உன்ன எங்கடா வுட்டாங்க?"

ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறவன் ஆராய்ச்சிச் சாமான் விற்கப் போகக்கூடாது என்று யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால், நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு இதே வேலைக்குத்தான் போயிருப்பேன்.