நிலவாடகையும் சின்னம்மாவின் வெள்ளிக்கிழமையும்

ஆட்களுக்காகக் கடிதம் எழுதிச் சண்டை பிடிப்பதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, ஆனால் ஒரு நாளும் வேலை குறையாது. தவணை பிந்தியதற்குத் தண்டம் கட்டிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் என் இனத்தவரே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வீடு எங்களது, மண் அவர்களது

ரொறொன்ரோவில் அரசறிவியல் படிக்கிறேன். இருப்பது சின்னம்மாவின் ஃபிளாட்டில். சித்தப்பா சாம்பியாவில் கணக்கு வாத்தியார்; சின்னம்மா இங்கே ஆஸ்பத்திரியில் தாதி. ஃபிளாட்டை வாங்கியாயிற்று, ஆனால் கட்டடம் நிற்கிற நிலம் இன்னொருவருடையது, எங்களுக்குக் குத்தகைக்கு விட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, முதல் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள், நிலவாடகை அந்த நிலக்காரருடைய அலுவலகத்தில் சேர வேண்டும். பிந்தினால் பத்து டொலர். கட்டடத்திலேயே தட்டச்சும் தெரிந்து, எதிர்த்துக் கதைக்கவும் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், குடியிருப்போர் சங்கம் என்னைச் செயலாளராக்கிவிட்டது.

போன மாதம் எங்கள் வீட்டுக்கே ஒரு கடிதம் வந்தது. மூன்று தவணை பிந்தியிருக்கிறதாம், முப்பது டொலர் கட்ட வேண்டுமாம், இனி ஒரு தடவை பிந்தினால் குத்தகை ரத்தாம். குத்தகை போனால் வீடும் போகும்! கடையில் ஒரு சதம் கடன் வைக்காத சின்னம்மாவா பிந்துகிறவ? விசாரித்தால், மூன்று தடவையும் சனிக்கிழமை காலையில்தான் காசோலையை அவர்களுடைய கதவுத் துவாரத்தில் போட்டிருக்கிறா. வெள்ளியில் காசு வெளியே போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாவாம். காசோலை வெறும் கடதாசிதானே என்றேன். வியாழக்கிழமையே போட்டால் என்ன என்றும் கேட்டேன்.

"கையெழுத்து வைச்சாப் பிறகு அது காசுதான் பிள்ளை. வியாழன் பின்னேரம்தான் சம்பளம் வருது. வந்த சீதேவி ஒரு ராத்திரி எண்டாலும் வீட்டில இருக்க வேண்டாமோ?"

தபால் நின்ற கதை

எங்கள் சங்கத் தலைவர் நாலாம் மாடி ராகவன், சென்னைக்காரர், என்ஜினியர். தபால் வேலைநிறுத்தத்தில் அவருடைய காசோலை எங்கேயோ பையில் கிடந்து பிந்தியது. அவருக்கும் பத்து டொலர். நான் மூன்று பக்கம் எழுதினேன். வேலைநிறுத்தத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ராகவன் மட்டும் பொறுப்பா என்று இன்னும் மூன்று பக்கம் எழுதி, அவரிடம் காட்ட மேலே ஓடினேன். மனிதர் தண்டத்தைக் கட்டிவிட்டு ஆறுதலாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் கட்டினால் எல்லோர் தலையிலும் கட்டுவார்களே என்று கத்தினேன்.

"பத்து டாலர் போனா போகட்டும்மா. உன் லெட்டரப் படிச்சிட்டு, கட்டடத்த விட்டுட்டு மண்ண மட்டும் திருப்பிக் குடுன்னு கேட்டான்னா, நாம எங்க போய் நிக்கறது?"

பன்னிரண்டு மணிப் பூட்டு

அடுத்த தவணைக்குச் சரியாக ஒரு கிழமை முந்திய வெள்ளியன்று, விரிவுரையை விட்டுவிட்டு, சின்னம்மாவையும் இழுத்துக்கொண்டு ஸ்ட்ரீட்காரில் அந்த அலுவலகத்துக்குப் போனேன். கையில் நாலு பக்க வாதம். பொறுப்பாளர் பெரிய கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா. அதைப் பிரிக்காமலே மத சுதந்திரத்தில் தொடங்கினேன். உங்கள் வெள்ளிக்கிழமை நம்பிக்கை குத்தகைப் பத்திரத்தில் இல்லையே என்று சொல்லிக்கொண்டே அவர் மேசை லாச்சிகளை இழுத்துச் சாத்திப் பூட்டினார். மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்.

இப்போதே பூட்டுவீர்களா என்றேன். ஒவ்வொரு வெள்ளியும் இப்படித்தானாம், முதலாளி ஏரிக்கரை வீட்டுக்குப் போய்விடுவாராம். துவாரத்தில் விழுவதை எப்போது எடுப்பீர்கள்? திங்கள் காலை. வந்த திகதி முத்திரை? அதுவும் திங்கள்தான்.

எனக்குப் புல்லரித்தது. பத்திரம் ஐந்து மணி என்கிறது! வெள்ளி இரண்டு மணிக்குப் போட்டவருக்கும் திங்கள் முத்திரைதானே? அப்படியானால் சின்னம்மா பிந்தினா என்பதற்கு என்ன அத்தாட்சி? மேசையில் தட்டிக் கேட்டேன். பதில் வந்தது என் பக்கத்தில் நின்ற சின்னம்மாவிடமிருந்து, நிதானமான ஆங்கிலத்தில்.

"இல்லை, நான் சனிக்கிழமைதான் போட்டனான்."

பிரிக்காத நாலு பக்கம்

நிலம் பிளந்தால் இறங்கியிருப்பேன். அந்த நிலமும் அவர்களுடைய குத்தகை நிலமாகத்தான் இருந்திருக்கும். பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றி, ஏன் சனிக்கிழமை என்று கேட்டார். வியாழன் சம்பளத்திலிருந்து லட்சுமி வரை சின்னம்மா ஒன்றும் விடாமல் சொன்னா. அவர் கேட்டு முடித்து, பூட்டிய லாச்சியைத் திறந்து, எங்கள் கணக்குக் கோவையை எடுத்தார். மூன்று தண்டத்தையும் கோடு போட்டு வெட்டினார். திங்கள் காலை துவாரத்தில் இருப்பதெல்லாம் வெள்ளிக் கணக்கு என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். எங்கள் கதவு பூட்டியிருக்கும்போது யாரும் பிந்தி வந்தார் என்று நாங்கள் குற்றம் சொல்வது நியாயமில்லை என்றார். அதைத்தானே நானும் சொன்னேன்! அந்தச் சூட்டோடு ராகவனின் பத்து டொலரைத் தொடங்கினேன். சின்னம்மா என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தா.

"காணும், வா. வெண்ட பிறகும் நிண்டு கதைச்சால் அதுக்கும் பத்து டொலர் போடுவினம்."

வாதத்தில் தோற்று வழக்கில் வென்றவளாகச் சொல்கிறேன், இந்தத் தொழிலில் எதிராளியைச் சமாளித்துவிடலாம், உண்மை பேசுகிற கட்சிக்காரரைத்தான் சமாளிக்க முடியாது.