பேனரின் கீழ் வரிசை

கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் இன்று ஒரு புதுப்பட பேனரைப் பிரித்தார்கள். பிள்ளைகளே, அந்த மை வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் பெரியப்பா ஞாபகம் வந்தது.

அப்போது காலடிப்பேட்டையில் இருந்தோம். அண்ணன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிக்கு இரும்பு ஏற்றினான். அங்கே அவனுக்குப் பெயர் கிடையாது, "டேய்"தான். ரசிகர் மன்றத்தில் சேர்ந்த பிறகு, நடிகரின் பேனரில் கீழ் வரிசையில் அவன் முகத்தையும் போட்டார்கள். தபால்தலை அளவுதான். அதன் அடியில் பெயரும் இருந்தது. அன்று வேலைக்குப் போகாமல், தலையைப் படிய வாரிக்கொண்டு பேனருக்குக் கீழேயே நின்றான்.

சாயங்காலம் உங்கள் தாத்தா ஹார்பரில் கரி இறக்கிவிட்டு அந்த வழியாக வந்தார்.

"நைனா, பேனரு பாத்தியா?" என்று அண்ணன் கேட்டான்.

"பாத்தேன்டா. அவுரு சோக்கா கீறாரு."

"கீழ பாத்தியா?"

"கீழ இன்னா கீது?"

 படம் தியேட்டரை விட்டுப் போனதும் அந்த பேனரை அண்ணனே கொண்டுவந்து, ஒழுகும் எங்கள் கூரைமேல் போட்டுக் கட்டினான். முகங்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. 

இன்று நான் பேனரின் கீழ் வரிசையிலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.

கயிறு கட்டிக்கொண்டிருந்த பையன், "இன்னாண்ணா, தலைவரு மேல கீறாரு. கீழ இன்னா தேடுற?" என்றான்.

"இதுல நீ எதுப்பா?"

அவன் கயிற்றை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, இறங்கி வந்து காட்டினான்.