முன்சக்கரமா, பின்சக்கரமா

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குப் போன் அடித்தது. துவைத்த போர்வையின் ஒரு முனையைக் கணவர் பிடித்திருக்க, மறுமுனையை அக்கா முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். தெரியாத நம்பர். அவளுக்குத் தெரியாத நம்பர்களிலிருந்து அழைப்பு வருவது புதிதில்லை. தான் கட்டிய ஒவ்வொரு சைக்கிள் சக்கரத்திலும், காற்றடிக்கும் வால்வுக்குப் பக்கத்தில், தன் போன் நம்பரைச் சின்னதாக அச்சடித்து ஒட்டிவிடுவாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"அம்மா, இங்க ஒரு சைக்கிள் சக்கரத்துல உங்க நம்பர் ஒட்டியிருக்கு. நான் லாரி ஓட்டுறவன். மலைப் பாதையில எட்டாவது வளைவுல நிக்கிறேன். சைக்கிள்ல வந்தவரு ஒருத்தரு..."

"முன்சக்கரமா, பின்சக்கரமா?" என்று கேட்டாள் அக்கா.

அந்தப் பக்கம் ஏதோ வண்டி கடந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"சக்கரம் ரெண்டும் நல்லாத்தாங்க இருக்கு. ஆளுதான் எந்திரிக்கல."

போர்வையின் மறுமுனை தரையில் விழுந்தது. கணவர் "என்ன, என்ன?" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மலையில், அவள் கட்டிய சக்கரத்தில் ஏறுகிற ஆள் ஒருவன்தான்.

அவன் அவளுடைய தம்பி. நாற்பத்து மூன்று வயது. லிஃப்ட் பழுது பார்ப்பவன். உடம்பில் எலும்பைத் தவிர வேறு சேமிப்பு கிடையாது. லிஃப்ட் கூண்டுக்கு மேல் ஒட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்து யாரோ 'பல்லி' என்று வைத்த பெயர், கம்பெனியிலிருந்து கல்யாண வீடு வரை அவனைப் பின்தொடர்ந்தது. அவனுக்கு அதில் வருத்தமில்லை. "வாரம் பூரா ஊர் ஜனத்த மேல ஏத்தி விடுறேன். ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது நான் ஏற வேணாமா?" என்பான். விடிந்ததும் விடியாததுமாக ரேஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவான். அந்தச் சைக்கிளின் எடையைக் குறைப்பதுதான் ஏழெட்டு வருடங்களாக அவன் வீட்டில் நடக்கும் ஒரே ஆராய்ச்சி. பாட்டில் மாட்டும் இரண்டு திருகாணிகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, "நாலு கிராம்" என்று மனைவியிடம் காட்டியவன் அவன். "அந்த நாலு கிராம் உங்க தலையிலதான் குறைஞ்சிருக்கு" என்றாள் அவள்.

போன மாதம் அவன் புதுச் சக்கரம் கேட்டு அக்காவின் பட்டறைக்கு வந்தான். சைக்கிள் கடையின் பின்கட்டில், ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறை அது. இருபத்திரண்டு வருடங்களாக அங்கேதான் அவள் ஸ்போக்ஸ் கம்பி கோத்து, கோட்டம் எடுத்துக் கொடுக்கிறாள்.

"கார்பன் கம்பி போட்டுக் குடுக்கா."

அவள் இரண்டு கம்பிகளை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டும் கறுப்பு, இரண்டும் தட்டை. ஒன்று இரும்பு, இன்னொன்று கார்பன். கையில் எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

"ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து தொண்ணூறு கிராம்கூட மிச்சமாகாது. காலையில ஒரு முட்டையைக் கம்மியா தின்னுட்டுப் போடா."

"நான் முட்டையே தின்னுறதில்ல."

"அதான் இப்படி இருக்க."

முன்கடையில் டியூப் எண்ணிக்கொண்டிருந்த முதலாளி, "அந்த உடம்புக்குக் கம்பியே வேணாம்மா, நூல் போதும்" என்று குரல் கொடுத்தார்.

அக்கா சிரிக்கவில்லை. கம்பியைப் பற்றிப் பேசும்போது அவளுக்குச் சிரிப்பு வராது. "இங்க பாரு. உன் லிஃப்ட் கயிறை நீ எப்படிச் சோதிப்ப? பழந்துணிய வச்சு உருவிப் பாக்கிறல்ல? எங்கயாவது ஒரு இழை அறுந்திருந்தா துணியில மாட்டும். ஆறு மாசத்துக்கு முன்னாடியே உங்கிட்டச் சொல்லிடும். இரும்புக் கம்பியும் அப்படித்தான். நீளும், வளையும், கிரீச்சுனு கத்தும். பக்கத்துல ஒரு குச்சி சிக்கினா, நெளிஞ்சு போயாவது உன்ன வீடு கொண்டுவந்து சேக்கும். இது அப்படியில்ல. கடைசி நிமிஷம் வரைக்கும் நல்ல பிள்ளையா நின்னுட்டு, பட்டுனு போயிடும்."

"சொல்லாம போற எதையுமே நீ நம்ப மாட்டியாக்கா?"

"மாட்டேன்."

"நான் ஏறும்போது உன் இரும்பு ஒரு இழுப்பு இழுக்குது. மிதிச்சா அது கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் நகருது. கார்பன் யோசிக்காது. கூட்டாளி ஒருத்தன் சைக்கிள்ல ஏறிப் பாத்தேன். மிதிக்கும்போதே மேல நிக்கிறேன்."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இந்தப் பேச்சு ஓடியது. கடைசியில் அவள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். முன்சக்கரத்துக்கு இரும்பு, பின்சக்கரத்துக்குக் கார்பன்.

"முன்னாடி அறுந்தா மூஞ்சி போகும். பின்னாடி அறுந்தா மானம்தான் போகும், லாரியில ஏறி வீடு வந்து சேருவ" என்றாள்.

"எங்கிட்ட ரெண்டுல எது இருக்குனு நெனச்ச?" என்றான் தம்பி. முதலாளி டியூப் எண்ணிக்கையை விட்டுவிட்டார்.

பின்சக்கரத்தை இரண்டு நாள் கட்டினாள். இரும்புக் கம்பியை விரலால் மீட்டினால் பாடும். அந்தச் சத்தத்தை வைத்தே முறுக்கைச் சொல்லிவிடுவாள். கார்பன் 'டொக்' என்றது. இருபத்து நான்கு கம்பியும் டொக், டொக், டொக். ஊமையோடு பேசுவது போலிருக்கிறது என்று கணவரிடம் சொன்னாள். அளவு பார்க்கும் கருவியை நம்பித்தான் அதை முடித்தாள். அந்த இரண்டு நாளும் சரியாகத் தூங்கவில்லை.

ஆகவேதான் லாரிக்காரரிடம் அப்படிக் கேட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், "நான்தான் கட்டிக் குடுத்தேன், நான்தான் கட்டிக் குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் தம்பி மனைவிக்குப் போன் போட்டு வரச் சொன்னார். லாரிக்காரர் தம்பியைத் தன் வண்டியிலேயே கொண்டுவந்து சேர்த்திருந்தார். வாசலில் லாரி நின்றது. சைக்கிள் அதன் பின்பலகையில் சாய்ந்திருந்தது.

உள்ளே போக வேண்டியவள் லாரியில் ஏறினாள். கணவர் கூப்பிட்டது காதில் விழவில்லை. பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். இருபத்து நான்கு. ஒன்றும் அறுபடவில்லை, கீறல்கூட இல்லை. சக்கரத்தைச் சுழற்றிவிட்டாள். பிரேக் கட்டைகளுக்கு நடுவே அசையாமல் நேராக ஓடியது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. மறுகணம், தான் எங்கே நிற்கிறோம், எதற்கு மூச்சு விட்டோம் என்பது உறைத்தது. சக்கரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"விழவே இல்லம்மா," என்றார் கீழே நின்ற லாரிக்காரர். "நான் பின்னாடியே வந்துட்டிருந்தேன். அவரே இறங்கினாரு. சைக்கிளத் தடுப்புச் சுவத்துல சாத்தினாரு. சங்கிலி சுவத்துல படுதேன்னு திருப்பி வேற சாத்தினாரு. தண்ணி குடிச்சாரு. உக்காந்தாரு. அவ்வளவுதான். நான் வண்டிய நிறுத்தி இறங்குறதுக்குள்ள..."

உள்ளே டாக்டர், மாரடைப்பு, கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்றார். "இதுக்கு முன்னாடி வலி, மூச்சு வாங்குறது, ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார். தம்பி மனைவி இல்லையென்று தலையசைத்தாள். போன மாதம்தான் கம்பெனியில் எல்லோருக்கும் உடம்பு சோதித்தார்கள். இவனுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. 'அக்கா, உன்னைவிட நான் கல்லு மாதிரி' என்று அவன் அதில் பேனாவால் எழுதி வைத்திருந்தான்.

நடைபாதையில் பச்சை நிற நாற்காலிகள். தம்பி மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, சக்கரம்தானோன்னு நான் நெனச்சிட்டேன். வர்ற வழியெல்லாம் உங்களத் திட்டிக்கிட்டே வந்தேன்."

"நானும்தான்."

அக்கா சொன்னாள்: "போன் வந்தப்ப நான் என்ன கேட்டேன் தெரியுமா? ஆளு எப்படி இருக்காருன்னு கேக்கல. முன்சக்கரமா பின்சக்கரமான்னு கேட்டேன்."

தம்பி மனைவி அவளையே பார்த்தாள். பிறகு, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. நர்ஸ் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

"அவரும் அதத்தான் அண்ணி மொதல்ல கேட்டிருப்பாரு."

கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் தம்பி மனைவி போட்டாள். அவனுடைய கைக்கடிகாரம், ஹெல்மெட், பாதி தண்ணீரோடு பாட்டில் எல்லாம் ஒரு பையில் வந்தன. பாட்டிலை யாரும் காலி செய்யவில்லை.

சைக்கிள் இப்போது பட்டறையில் நிற்கிறது. தம்பி மனைவி, "அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். முதலாளி பின்கட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். வந்தாலும் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுகிறார்.

அக்காவின் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. புதுச் சக்கரத்தை யாரிடம் கொடுத்தாலும், நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொல்வாள். அதற்குள் கம்பிகள் ஆள் எடைக்குப் பழகித் தம் இடத்தில் உட்கார்ந்துவிடும். அதன் பிறகுதான் கடைசி முறுக்கு. எந்தக் கம்பிக்கு அது வேண்டியிருக்கும் என்று அவளுக்கு முன்பே தெரியும். அதன் அடியில் வெள்ளைப் புள்ளி வைத்துவிடுவாள். தம்பி அந்த நூறைக் கணக்குப் பார்க்க ஹேண்டிலில் இருந்த மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் கிளம்பினான். அதில் எண்பத்தேழு என்று நிற்கிறது. பின்சக்கரத்தில், வால்வுக்கு அடுத்த இரண்டாவது கம்பி, கால் சுற்று முறுக்காமல் வெள்ளைப் புள்ளியோடு அப்படியே இருக்கிறது.