முனையில்லாத வளையமும் மருமகனின் வாளிகளும்

என் ஒரே மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்றே நான் வீடிழந்தேன். எங்கள் ஊர் வழக்கம் அது. பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அதில் வந்து குடியிருப்பார். கெட்டிக்கார வாப்பாமார் பெண் பிறந்ததுமே அத்திவாரம் வெட்டிவிடுவார்கள். நான் அந்தக் காலத்தில் பல்பகுதியங்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஆகவே இருந்த வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, வளவின் பின்புறத்து இரண்டு அறைகளுக்கு நானும் மனைவியும் போவதென்று தீர்மானமாயிற்று. தீர்மானித்தவர்கள் ஒன்பது பேர். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்காததால் அவர்களை எண்ண எனக்கு நேரம் இருந்தது.

பல்பகுதியம் என்றால், சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. நைலோன் வலை, பொலித்தீன் பை, வாளி எல்லாம் அதுதான். நான் அவற்றைச் செய்பவனல்ல. ஆராய்ச்சிக்காகத் தொட்டதுகூட இல்லை. பல்கலைக்கழகத்து முதல் வருடத்திலேயே பதினொரு கண்ணாடிக் குடுவைகளை உடைத்தேன். பன்னிரண்டாவதை நான் தூக்குமுன் பேராசிரியர் என் கையில் தாளையும் பென்சிலையும் கொடுத்துவிட்டார். கோட்பாட்டு இரசாயனவியலாளன் இப்படித்தான் உருவாகிறான். பிறகு குளிர்நாடொன்றில் ஆறு வருடம், திரும்பி வந்து முப்பத்தொரு வருட விரிவுரை. எழுதிய கட்டுரைகள் நாற்பத்திரண்டு. அவற்றை முழுதாக வாசித்தவர்கள், என் கணக்கில், ஏழு பேர். அதில் இருவர் பிழை பிடிக்க வாசித்தவர்கள்.

ஊருக்கு நான் 'கெமிஸ்ட்ரி சேர்'. கழிவறைக்கு எந்த அசிட் நல்லது, வேளாண்மைக்கு எந்த உரம் என்று கேட்டு வந்த எவருக்கும் நான் பயன்பட்டதில்லை. ஆய்வுகூடம் எங்கே என்பார்கள். மாடியறையில் ஒரு கரும்பலகை இருக்கிறது என்பேன். மரியாதையாக எழுந்து போய்விடுவார்கள்.

அந்தக் கரும்பலகைதான் இப்போது பிரச்சினை. ஓய்வுக்குப் பிறகு நான் எடுத்துக்கொண்டது ஒரே கேள்வி. சங்கிலிக்கு இரண்டு முனை இருந்தால், எவ்வளவு நெரிசலிலும் தலையை நுழைத்துப் பாம்புபோல் நெளிந்து வெளியே வந்துவிடும். முனையே இல்லாத வளையம் எப்படி நகரும்? உலகத்துக்கு இன்னும் சரியாகத் தெரியாது. எனக்குப் பாதி தெரிந்திருந்தது. அந்தப் பாதி பலகையில் இருந்தது. மகள் கைபேசியில் நான்கு படம் எடுத்துத் தந்தாள். சமன்பாடு எறும்பு வரிசைபோலத் தெரிந்தது. எறும்பைப் பார்த்து யோசிக்க எனக்கு வராது.

மாப்பிள்ளைக்குக் கல்முனைக் கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை. கெமிஸ்ட்ரி சேருக்கும் பிளாஸ்டிக், அவர்களுக்கும் பிளாஸ்டிக், இதைவிடப் பொருத்தம் ஏது என்றார் தரகர். நாற்பத்திரண்டு கட்டுரைகளை ஒரே வசனத்தில் சுருக்கியவர் அவர்தான்.

மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தார். குழாய்களைத் திறந்து பார்த்து, யன்னல்களை எண்ணி (ஒன்றை விட்டுவிட்டார்), மாடியறை வாசலில் நின்றார்.

"இந்த அறைக்க என்ன வேல நடக்குது?"

"இவர் யோசிக்கிறவர்," என்றாள் என் மனைவி.

"யோசிக்கிறதுக்கு ஒரு அறையா, ராத்தா? எங்கட ஊட்டு ஆம்பிளயள் குளிக்கக்குள்ளதான் யோசிக்கிற."

மகனின் கடைச் சாமான் வைக்க அந்த அறை அளவெடுத்ததுபோல் இருக்கிறதென்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பலகையைப் பின்னறைக்குக் கொண்டுபோகலாமென்று ஓடாவியைக் கூப்பிட்டேன். தச்சுவேலையில் அவர் கெட்டிக்காரர். முதலில் நாடாவைப் பிடித்து, பிறகுதான் துக்கம் சொன்னார். கதவு நிலை வைக்குமுன் உள்ளே வந்த பலகை அது. இரண்டாக அறுத்தாலொழிய வெளியே போகாது. எங்கே அறுக்கட்டும் என்று கேட்டார். சமக்குறியில் அறுத்தால் இரு பக்கத்துக்கும் நீதி கிடைக்கும் என்றேன். அவர் உண்மையாகவே பென்சிலால் கோடு போட்டார். நான் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

கல்யாணம் முடிந்து ஒரு வாரத்தில் முதல் லொறி வந்தது. மருமகன் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி மாடிக்கு ஏற்றினார். நான் மாடியறை வாசலில் நின்றேன். உதவிக்கல்ல, பலகையில் யாராவது உரசுகிறார்களா என்று பார்க்க. மருமகன் நூற்றிருபத்தெட்டு என்று எழுதப் போனார்.

"நூற்றிருபத்தாறு," என்றேன்.

"இல்ல மாமா, அடுக்குக்கு எட்டுப்படி பதினாறு அடுக்கு."

"ரெண்டு அடுக்குல ஏழுதான் இரிக்கி, மகனே."

அவர் அடுக்குகளைக் கழற்றி எண்ணினார். பிறகு பேசின்களுக்கும் என்னைக் கேட்டார். சொன்னேன். கதிரைகளுக்கும் சொன்னேன். கடைப் பையன்கள் எண்ணினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்கு வருகிறதென்று சலித்துக்கொண்டார். வியர்வையைத் துடைத்தபடி பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விளங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை, அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

"இது அழியாம இரிக்கணுமா, மாமா?"

"ஓம்."

"அப்ப அறையப் பூட்டி, திறப்பு ஒங்கட கையிலயே இரிக்கட்டும். நீங்க எண்ணித் தந்தாப் போதும். மறுகா உம்மாவோட நான் கதைக்கிறன்."

இப்படியாக, கலாநிதிப் பட்டத்தோடு, எழுபத்திரண்டு வயதில், சம்பளமில்லாத வாளிக் கணக்கப்பிள்ளையானேன். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு மாடியேறுகிறேன். எண்ணப் பத்து நிமிடம் போதும். பொழுதுபட்டு மக்ரிப் தொழுகை வரை ஆகுமென்று சொல்லி வைத்திருக்கிறேன். சம்பந்தி அம்மா வரும்போதெல்லாம் கீழே நின்று, மேலே இவ்வளவு நேரம் என்ன செய்கிறார் என்று கேட்பது காதில் விழும். மாமா எண்ணுகிறார் என்று மருமகன் சொல்வார். அத்தோடு அவர் அடங்கிவிடுவார். நான் வகித்த பதவிகளில், இதனால் என்ன பயன் என்று யாரும் கேட்காத பதவி இதுதான்.

வளையம் இன்னும் நகரவில்லை. புதுச் சரக்கு வந்ததிலிருந்து சமன்பாட்டின் இடது பக்கத்தைப் பார்க்கப் பதினேழு பேசின்களை நகர்த்த வேண்டியிருக்கிறது. நகர்த்துகிறேன், போகுமுன் திரும்ப அடுக்கி, மறுபடி எண்ணிவிட்டுத்தான் பூட்டுகிறேன்.