சொந்தச் சபையில் அப்பா சொல்லாதது

அப்பாவின் முதலாண்டு நினைவு ஆராதனைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் என் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களில் நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எழுதி எழுதிக் கிழித்தேன். இப்போது எழுதுவது அம்மாவின் சம்மதத்தோடு.

அப்பா திருப்போரூருக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டிய நம் காலனியில் பிறந்தவர். தாத்தாவுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. அப்பா பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் வயல் வேலைக்குப் போவார். உள்ளே போய் உட்காரக் கொடுத்துவைக்கவில்லை. டிராக்டர் ஓட்டக் கற்று, பிறகு லாரி, கடைசியில் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு ஊழியர்களை ஏற்றிப் போகும் ஒப்பந்த பஸ் என்று உயர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நம் குடும்பத்தில் முதல் ஆளாக நான் படித்தேன். குடிக்க மாட்டார். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாய் நிற்பார். விபத்தே செய்யாத ஓட்டுநர் என்று ஒருமுறை அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தப் படம் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

அப்பாவுக்கு ஒரே தம்பி, என் சித்தப்பா. நான் அம்மா வயிற்றில் இருந்தபோது, ஏரிக்கரை வளைவில் ஒரு டிராக்டர் சைக்கிளில் வந்த பெரியவர்மேல் மோதி அவர் கால் ஒடிந்ததும், அது சித்தப்பா ஓட்டிய டிராக்டர் என்று வழக்கு ஆனதும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா இன்றுவரை, யார் பேரையும் சொல்லாமல், “நான் ஓட்டல” என்று மட்டுமே சொல்லிவருவதும் தெரியும். அந்தச் சொல் நம் வீடுகளில் கேலியாகவே ஆகிவிட்டது. பால் பொங்கினால், தட்டு உடைந்தால், “நான் ஓட்டலப்பா!” என்று யாராவது சொல்வோம், எல்லோரும் சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார்.

வழக்கு இருந்ததால் சித்தப்பாவுக்குக் கல்பாக்கத்தில் எந்த ஒப்பந்த வேலைக்கும் உள்ளே போக அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. இன்றும் அவர் மனை போடுகிற இடங்களில் முள் வெட்டி, எல்லைக்கல் நடுகிறார்.

நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். திருவிருந்துக்கு முந்தைய சனிக்கிழமை மாலை ஆயத்தக் கூட்டம். மனத்தாங்கல் உள்ளவர்கள் எல்லோர் முன்னாலும் எழுந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்து மன்னிப்புக் கேட்ட பிறகே மறுநாள் அப்பமும் ரசமும் பெறும் பந்தி. சித்தப்பா தவறாமல் வந்து கடைசியில் உட்காருவார். ஞாயிறன்று பந்திக்கு மட்டும் போகமாட்டார். பொய் சொன்னவர், அதனால் கூசுகிறார் என்று நினைத்தோம். அப்பாவோ சனிக்கிழமைக் கூட்டத்துக்கே வரமாட்டார். திருவிருந்துக்குக் கோவளம் சபைக்கு பஸ் ஏறிவிடுவார். “அங்க பிரசங்கம் நல்லாகீது” என்பார்.

சென்ற ஆண்டு அப்பா செங்கல்பட்டு மருத்துவமனையில் இருந்தபோது கோவளம் போதகர் பார்க்க வந்தார். ஜெபித்துவிட்டு வெளியே வந்து என் தோளைத் தட்டினார்.

“தைரியமா இரு தம்பி. அப்பா மன்னிப்பின் நிச்சயத்தோட இருக்காரு. தன் கூடப்பிறந்த தம்பி மேல பழி போட்டத எங்க சபையில முழங்கால் போட்டு அழுது அறிக்கை பண்ணவராச்சே.”

“எந்தப் பழிங்க ஐயா?”

அவர் முகம் மாறிவிட்டது. “வூட்ல சொல்லிட்டேன்னு சொன்னாரே” என்றார். நான் விடாமல் கேட்க, முழுவதையும் சொன்னார்.

டிராக்டரை ஓட்டியவர் அப்பா. மட்கார்டில் உட்கார்ந்திருந்தவர் சித்தப்பா. ஆள் கூட்டிவருவதாக அப்பா ஓடினார். அடிபட்டு மயங்கிக் கிடந்தவரை மடியில் வைத்துக்கொண்டு சித்தப்பா அங்கேயே இருந்தார். லைசென்ஸ் பறிபோய்விடும் என்று பயந்து, தம்பிதான் ஓட்டினான் என்று அப்பா போலீசில் சொல்லிவிட்டார்.

உள்ளே போய்க் கேட்டேன். அப்பா மறுக்கவில்லை.

“கர்த்தர் மன்னிச்சிட்டார்டா.”

“சித்தப்பா?”

சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். “அவன் மூஞ்சப் பாத்து எப்படிடா சொல்றது?”

கர்த்தர் மன்னித்தார் என்பதை நான் சந்தேகிக்கவில்லை. உடைந்து அழுதவரை அவர் தள்ளமாட்டார் என்றுதான் ஞாயிறுப் பள்ளியில் படித்தேன். ஆனால் நம்மைத் தெரியாத ஒரு சபை அப்பாவைக் கட்டிக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறது. பெற்ற பிள்ளை எனக்குத் தெரியவில்லை. பழி போட்டவர் கோவளத்தில் பந்தியில் இருந்தார். பழி சுமந்தவர், அண்ணனை மன்னிக்க மனம் வராததால், இங்கே பந்திக்கு வெளியே இருந்தார். என்னையும் கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கவைத்தாரே என்பது இன்னும் ஆறவில்லை. அப்பாவை நேசிக்கிறேன். அவர் என்னை ஏமாற்றினார். இரண்டும் உண்மை.

சித்தப்பாவை வரவழைத்தேன். மண் ஒட்டிய லுங்கியோடு கட்டிலருகே நின்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நான்தான்டா ஓட்டினேன். மன்னிச்சிடுடா” என்று அழுதார்.

“இன்னா அண்ணாத்த, இத எங்கிட்ட சொல்லிகினு கீற? நான் ஓட்டலன்னு எனக்குத் தெரியாதா?” என்றார் சித்தப்பா. “தெரியாதவன்கிட்ட சொல்லு. ஊருல சொல்லு.”

“சொல்றேன்டா. எழுந்து வந்ததும் சனிக்கிழமை கூட்டத்துல சொல்றேன்.”

“வா, வா. கடைசி வரிசையிலதான் இருப்பேன்” என்று சொல்லிவிட்டு, டீ வாங்கப் போனார்.

அந்தச் சனிக்கிழமைக்கு அப்பா இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பாரா? தெரியாது. சொல்லியிருப்பார் என்று எழுத ஆசைதான்.

இதை மலரில் எழுதப்போகிறேன் என்றதும் அம்மா கொதித்தார். “செத்தவர அசிங்கப்படுத்தவா உன்னப் படிக்கவெச்சோம்?” பல நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, “எழுது. ஆனா அவரு அழுதாருன்னும் எழுது” என்றார். எழுதியிருக்கிறேன். அப்பா உண்மையாகவே அழுதார்.

ஆகவே பழி போய்ச் சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் இந்த மலரைக் கொடுக்கிறேன். சித்தப்பா பொய் சொல்லவில்லை. படிப்பவர்கள், படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இதைச் சத்தமாக வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், உடன் ஓட்டிய நண்பர்களுக்கும், அடக்க ஆராதனையை நடத்திய நம் போதகருக்கும், தெரியாமலேனும் உண்மையைச் சொல்லிவிட்ட கோவளம் போதகருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. குழி வெட்டியதிலிருந்து மண் தள்ளியதுவரை கூட இருந்த சித்தப்பாவுக்கு நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணனை மன்னித்துவிட்டார் என்று முடிவில் ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

“அத எய்தாத. முதல்ல எல்லாரும் படிக்கட்டும். அப்பால ஒரு சனிக்கிழமை நானே எழுந்து சொல்றேன்” என்றார்.

அந்த வரியை நான் எழுதவில்லை.