மண்ணுக்குக் கொடுத்த காகிதங்கள்

ரூமாவை எங்கள் தெருவில் சிலர் துலுக்கச்சி என்றார்கள், சிலர் வேதக்காரி என்றார்கள். அவள் இரண்டும் இல்லை, யூதப் பெண். திண்டுக்கல் பேகம்பூர் தோல் ஷாப்புகளை நம்பி எர்ணாகுளத்திலிருந்து நாலு யூதக் குடும்பங்கள் வந்து இங்கே குடியிருந்தது பாதி ஊருக்குத் தெரியாது. தெரிந்த மீதிக்கு அதில் அக்கறை கிடையாது.

1954-ல் அத்தனை பேரும் இஸ்ரேலுக்குக் கிளம்பினார்கள். ரூமாவுக்கு யானைக்கால். சோதிக்க வந்த டாக்டர் அவளுடைய இடது காலைப் பார்த்தார், பெயரை அடித்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அண்ணன் எஸ்ரா ஸ்டேஷனில் அழுதான். அழுதுகொண்டே ரயிலும் ஏறினான். முதலில் நாங்கள் போகிறோம், அப்புறம் உன்னைக் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். எனக்கு அவனை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அவள் தலையில் அவன் கட்டிவிட்டுப் போனது ஒரு தகரப்பெட்டி. நாலு குடும்பத்தின் கல்யாண உடன்படிக்கைகள், பிறப்பு இறப்புக் குறிப்புகள், பெண்கள் கல்யாண வீட்டில் பாடும் பாட்டுகளை மலையாளத்தில் எழுதிவைத்த நோட்டுகள் எல்லாம் அதற்குள் இருந்தன. ஊருக்கு வெளியே சோளக்காட்டை ஒட்டி அவர்களுடைய புதைகாடு. எழுத்து வெட்ட ஆள் இல்லாததால் வெறும் கல்லைக் குவித்து வைத்திருந்தார்கள். எது அப்பா, எது அம்மா என்பதற்குப் பெட்டிதான் சாட்சி.

ரூமா சுருட்டுக் கம்பெனியில் சுருட்டு உருட்டிப் பிழைத்தாள். பக்கத்துப் பலகையில் லூர்தம்மாள். ரூமாவின் காலைக் கண்டு மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்தபோது, தினமும் அந்தக் காலைக் கழுவி எண்ணெய் போட்டுவிட்டவள் லூர்தம்மாள் ஒருத்திதான். ஊரைவிட்டுக் கிளம்புமுன் எஸ்ரா வீட்டார் கிழிந்த ஜெபப் புத்தகங்களை வெள்ளைத் துணியில் சுற்றிப் புதைகாட்டில் புதைத்தபோது, குழி வெட்டிக் கொடுத்தவளும் அவள்தான். ஏன் புதைக்கிறீர்கள் என்று அப்போது கேட்டாள்.

“சாமி பேரு எழுதுன காயிதம். எரிக்கக் கூடாது, குப்பையில போடக் கூடாது. ஆயுசு முடிஞ்சா மண்ணுக்குத்தான் குடுக்கணும்” என்றாள் ரூமா.

1960-ல் கொச்சியிலிருந்து கடிதம் வந்தது. மிச்சமிருந்த யூதர்கள் சிலர், தங்கள் ஆட்கள் எந்தெந்த ஊரில் வாழ்ந்தார்கள் என்பதற்கான காகிதங்களை எல்லாம் ஓர் இடத்தில் சேர்த்துப் புத்தகமாகவும் போடப் போகிறார்களாம். தை மாதம் திண்டுக்கல்லுக்கு ஆள் வருவதாக எழுதியிருந்தது. அன்றைக்கு ரூமா சிரித்த மாதிரி நான் அவளைப் பார்த்ததே இல்லை. பெட்டியிலிருந்த ஒவ்வொரு தாளையும் வெயிலில் உலர்த்தி, குடும்பம் குடும்பமாகப் பிரித்து அடுக்கினாள். அப்பாவும் அம்மாவும் இனிமேல் வெறும் கல்குவியலாகக் கிடக்க மாட்டார்கள் என்று என்னிடமே வந்து சொன்னாள்.

ஐப்பசி மழையில் அவளுக்கு யானைக்கால் காய்ச்சல் கண்டது. நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் பொம்மையனுக்கு இது போதாதா? புகையிலை மூட்டை போட இடம் தேடிக்கொண்டிருந்த மனிதர், உயிர் இருக்கும்போதே அவள் சாமான்களைத் தெருவில் இறக்கினார். பெட்டியைத் தனக்கென்று ஒதுக்கிவிட்டு, காகிதங்களை வெந்நீர் அடுப்பில் போடச் சொன்னார்.

லூர்தம்மாள் பேயாட்டம் ஆடிவிட்டாள். அடுப்படியிலிருந்து அத்தனையையும் பிடுங்கிக்கொண்டு போனாள். அவளுடைய குடிசை ஒழுகும் குடிசை. கொச்சியிலிருந்து ஆள் வரப்போவது அவளுக்குத் தெரியாது. ரூமாக்காவும் சாகப் போகிறாள், அவள் எழுத்தையாவது அவர்கள் முறைப்படி அனுப்பிவைப்போம் என்று நினைத்தாள். தன்னிடமிருந்த ஒரே வெள்ளைச் சேலையைக் கிழித்துச் சுற்றி, கொட்டும் மழையில் நனைந்துகொண்டே போய், ரூமாவின் அம்மா பக்கத்தில் புதைத்தாள்.

ரூமா பிழைத்துவிட்டாள். வீடு இல்லாமல் வந்தவளைக் குடிசைக்குக் கூட்டிப்போய் லூர்தம்மாள் பெருமையாகச் சொன்னாள்: “ஒரு துண்டுகூட தீயில விழலக்கா. உங்க முறைப்படி மண்ணுக்குக் குடுத்துட்டேன்.”

ரூமா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு லூர்தம்மாளின் கன்னத்தில் அறைந்தாள். எதற்கு அடி வாங்கினோம் என்று அவளுக்குப் புரியவில்லை. அந்தக் காலோடு ரூமா புதைகாடுவரை நடந்துபோய், கையாலேயே தோண்டினாள். சேலைத் துணிக்குள் சேறும் கரையானும் இருந்தன. ஒரு வரிகூடப் படிக்கிற மாதிரி இல்லை. லூர்தம்மாள் அதற்குப் பிறகு அவள் காலைத் தொடவில்லை. கம்பெனியிலும் பலகையை மாற்றிக்கொண்டாள்.

தையில் கொச்சிக்காரர் வந்தார். ரூமா வாடகைக்குப் பிடித்திருந்த மாட்டுக்கொட்டகைச் சாய்ப்பில், நிற்கவும் மனமில்லாமல் உட்காரவும் மனமில்லாமல் இருந்தார். அவள் பெயர்களாகச் சொன்னாள். அவர் ஆதாரம் கேட்டார். அவள் அம்மாவின் கல்யாணப் பாட்டைப் பாடினாள். அது கொச்சியிலேயே நிறைய இருக்கிறது என்றார். கல்குவியல்களைக் காட்டினாள். கல் யாருடையதாகவும் இருக்கலாமே என்றார். கடைசியில், நீங்கள் யூதப் பெண் என்பதற்காவது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அதுவும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

“ஒண்ணும் கெடைக்கலன்னே எழுதிக்கிடுங்க. ஆனா ரூமான்னு ஒருத்தி இருந்தா, அவ சொன்னான்னு எழுதுங்க” என்றாள்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புத்தகம் வந்ததும் அவளுக்கு ஒன்று அனுப்புவதாகச் சொன்னார். நல்ல மனிதர்தான், சொன்னபடி அனுப்பினார். அடுத்த வருஷம் தபால்காரர் கம்பெனி வாசலில் அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். கை நிறையப் புகையிலைக் கறையோடு அங்கேயே பிரித்துத் தேடினாள். திண்டுக்கல்லுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள்: இவ்வூரில் நம்மவர் வாழ்ந்ததாகத் தெரியவில்லை.

அவள் பெயர் உறையின் மேல் மட்டும் இருந்தது.